முதுகு முதுகுங்கறீங்களே, எந்த முதுகு?

கொஞ்ச நாளா ஒரு படம் சுத்திக்கிட்டு இருக்கு. உங்க கைபேசிக்கும் வந்திருக்கும். சட்டை போடாத ஒரு மலைக்காரர், தலையில விறகுக்கட்டு, பின்னாடி இருந்து எடுத்தது. முதுகுல நரம்பும் தசையும் வரி வரியா தெரியுது. கீழ ஒரு வாசகம்: "இவர் எந்த ஜிம்முக்குப் போனார்?" அதுக்குக் கீழ இருநூறு பேர் கைதட்டறாங்க. உழைப்புன்னா இதான், ஜிம் எல்லாம் வெட்டிச் செலவு, புரோட்டீன் பவுடர் எல்லாம் ஏமாத்து வேலை, அந்தக் காலத்துல... அந்தப் புராணம் உங்களுக்கே தெரியும்.

இந்தப் பக்கம் ஜிம் கோஷ்டி பதிலுக்குக் கிளம்பிருச்சு. அதெல்லாம் வெறும் ஒல்லி உடம்பு சார், உடம்புல கொழுப்பு இல்ல அதனால தெரியுது, முதுகு வேணும்னா வைட் கிரிப் புல்டவுன் போடணும், வேற வழியே இல்லன்னு.

மக்களே, ரெண்டு கோஷ்டியும் தப்பு. ரெண்டுக்கும் ஒரே வியாதி. "முதுகு"ங்கறதை ஒரே சாமானா நினைச்சுப் பேசறாங்க. எந்த முதுகுப்பா? மேல் முதுகா, நடு முதுகா, விங்ஸா, இடுப்புக்கு மேல இருக்கற முதுகா? இந்தக் கேள்வியைக் கேக்காத வரைக்கும் ஒருத்தனுக்கும் முதுகு வளராது. அதைவிட முக்கியம், இந்தக் கேள்வியைக் கேக்காததால நஷ்டப்படறது படத்தை ஃபார்வர்ட் பண்றவர் இல்ல. எங்க ஊர்ப் பசங்க. அதான் இந்தப் பதிவு கொஞ்சம் காரமா இருக்கும். ஆகாதவங்க மோர் குடிச்சிட்டு வாங்க :-)

நான் யாருன்னு தெரியாதவங்களுக்கு: வீடு ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர் பக்கம். பொழப்பு கீழ, போளூர்ல. வாரத்துல அஞ்சு நாள் கீழ, ரெண்டு நாள் மேல. கீழ இருக்கறப்ப ஜிம், மேல இருக்கறப்ப மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடி ஒரு மூங்கில் கழி. பல வருஷமா இதான் என் பைத்தியம். ஆக, விறகு தூக்கற முதுகையும் தெரியும், புல்டவுன் இழுக்கற முதுகையும் தெரியும். ரெண்டையும் வரிசையா எடுத்துக்கறேன்.

முதல் கோஷ்டி: உழைச்சா போதும்

சரி, உழைக்கற முதுகைப் பாப்போம். பகுதி பகுதியா.

தலையில சுமை வச்சு நடக்கறப்ப என்ன நடக்குது? கழுத்தும், கழுத்துல இருந்து தோளுக்கு இறங்கற மேல் ட்ராப்ஸும், முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் கயிறு மாதிரி ஓடற தசைகளும் இறுகிப் பிடிச்சு நிக்குது. அசையாம பிடிச்சு நிக்கறதுதான் அதுங்க வேலை. விங்ஸுக்கு அங்க பெரிய வேலையே இல்ல. விங்ஸோட வேலை, மேல போன கையைக் கீழயும் பின்னாடியும் இழுக்கறது. சுமைக்காரர் கை மேலேயே இருக்கு, கட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. இழுக்கவே இல்லையே!

சாமைக்காட்டுல களை எடுக்கறாங்க. நாள் முழுக்க குனிஞ்ச முதுகு. இடுப்புக்கு மேல இருக்கற தசைக்கு அது தாங்கும் சக்தியைக் கொடுக்கும். பருமனைக் கொடுக்காது. எடை ரொம்பக் கம்மி, நேரம் ரொம்ப அதிகம். பத்து மைல் நடக்கறவனுக்குத் தொடை பெருத்துடுதா என்ன?

கோடாலி போடறவருக்கு விங்ஸுக்கு நிஜமாவே வேலை உண்டு, ஒத்துக்கறேன். தேன் எடுக்க மரம் ஏறறவங்களைப் பாருங்க. அவங்க முதுகு தனி. சொந்த உடம்பைக் கையால இழுத்து மேல ஏத்தறாங்க இல்லையா, அதான் புல் அப்ஸ். அவங்களுக்கு அக்குளுக்குக் கீழ விரிஞ்சு நிக்கும். அதே வீட்டுல விறகு மட்டும் சுமக்கற அண்ணனுக்கு அது இருக்காது. ஒரே ரத்தம், ஒரே சோறு, வேற வேற முதுகு. எந்த அசைவோ அந்தத் தசை. 'மலைக்காரன் முதுகு'ன்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

இன்னொண்ணு. தசை வளரணும்னா சுமை கூடிக்கிட்டே போகணும், இல்லாட்டி இனி ஒண்ணுகூட முடியாதுங்கற இடம் வரைக்கும் போகணும். அப்புறம் சோறு, தூக்கம். இருபது வருஷமா அதே நாப்பது கிலோவைத் தூக்கற உடம்பு, அந்த நாப்பதுக்குப் பழகினதோட நின்னுடும். அதுக்கு மேல உடம்பு செய்யற ஒரே காரியம், தேயறது.

இந்தப் புகழ்ச்சி மேல எனக்கு இவ்வளவு கோவம் எதுக்குன்னா, அது இலவசமாக் கிடைக்குது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லயே ஒரு பரிந்துரை கொண்டு வந்துச்சு, வயசு வந்த ஆம்பளை கையால தூக்கிச் சுமக்கற எடை 55 கிலோவுக்கு மேல போகக்கூடாதுன்னு. எங்க ஊர்ல மூட்டை தூக்கற யார்கிட்டயாவது போய் அந்தக் கணக்கைச் சொல்லுங்க, சிரிப்பாங்க. ராத்திரி அவங்க வீட்டுப் பக்கம் போனீங்கன்னா தைல வாசனை அடிக்கும். அந்த வாசனை படத்துல வராது.

2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டுல ஆந்திர போலீஸ் அதிரடிப் படை செம்மரம் வெட்டப் போனதா சொல்லி 20 பேரைச் சுட்டுக் கொன்னுச்சு. தமிழ்நாட்டுக்காரங்க. ஜவ்வாது மலைப் பக்கத்து ஊர்க்காரங்களும் அதுல இருந்தாங்க. எதுக்கு நம்ம ஆளுங்களைத் தேடிக் கூட்டிட்டுப் போறாங்க? மரம் வெட்டவும், வெட்டின கட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டுக் காட்டுப் பாதையில இறக்கவும் தெரிஞ்ச முதுகு இங்க மலிவாக் கிடைக்குது. அவ்வளவுதான். அந்த முதுகைத்தான் நீங்க 'இயற்கையான உடற்கட்டு'ன்னு ரசிக்கறீங்க. ரசிக்கறது தப்பில்ல. வறுமையில வந்த உடம்பைப் பயிற்சியில வந்த உடம்புன்னு சொல்றது தப்பு.

ரெண்டாவது கோஷ்டி: புல்டவுன் போதும்

இப்ப கீழ இறங்குவோம். டவுன் ஜிம்.

நாலு பக்கமும் கண்ணாடி. கண்ணாடியில என்ன தெரியும்? செஸ்ட், ஆர்ம்ஸ், ஷோல்டர், வயிறு. திங்கள் செஸ்ட், செவ்வாய் ஆர்ம்ஸ், புதன் ஷோல்டர், வியாழன் திரும்பவும் செஸ்ட். முதுகு? "மாஸ்டர், நேரம் கிடைச்சா பண்றேன்." எங்க மலையில காவலூர்ல 2.34 மீட்டர் விட்டம் உள்ள கண்ணாடி வச்ச தொலைநோக்கி இருக்கு, 1986-லேர்ந்து வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு. அவ்வளவு தூரத்துல இருக்கற நட்சத்திரத்தைப் பாக்க வழி இருக்கு, நம்ம பசங்களுக்குச் சொந்த முதுகைப் பாக்க வழி இல்ல. பாக்காததை எவனும் வளர்க்க மாட்டான்.

முதுகு நாள்னு ஒண்ணு வந்தாலும் கதை இதான்: அகலப் பிடி புல்டவுன், குறுகல் பிடி புல்டவுன், உள்ளங்கை திருப்பிப் புல்டவுன், கழுத்துக்குப் பின்னாடி புல்டவுன். நாலு பயிற்சி பண்ணினதா கணக்கு. நாலும் ஒரே அசைவு சாமி! இட்லியைச் சதுரமா வெட்டினாலும் முக்கோணமா வெட்டினாலும் இட்லிதான்.

அகலமாப் பிடிச்சா அகலமான விங்ஸ் வரும்னு ஒரு நம்பிக்கை. 2014-ல நார்வேக்காரங்க இதைச் சோதிச்சுப் பாத்தாங்க. தோள் அகலத்துக்குச் சமமா ஒரு பிடி, ஒன்றரை மடங்கு ஒரு பிடி, ரெண்டு மடங்கு ஒரு பிடி. விங்ஸ் தசையோட மின்னோட்டம் மூணுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்துச்சு. கழுத்துக்குப் பின்னாடி இழுக்கறது தோள் மூட்டைத் தேவையில்லாம முறுக்குது, முன்னாடி இழுக்கறதைவிட அதுல கூடுதலா ஒண்ணும் கிடைக்கறதில்ல. ஆனா நம்ம ஜிம்கள்ல இன்னும் அதுக்குத்தான் வரிசை நிக்குது.

அப்புறம் எடை. ரோயிங் போடறப்ப பாருங்க, தண்ணி இறைக்கற ஏத்தம் மாதிரி உடம்பு முழுக்க மேலயும் கீழயும் ஆடும். இழுக்கறது இடுப்பும் பைசெப்ஸும். தோள்பட்டை எலும்பு ரெண்டும் ஒண்ணு சேரவே இல்ல. எண்பது கிலோ போட்டேன்னு சொல்லிக்கலாம். அந்த எண்பதுல நடு முதுகுக்குப் போனது பத்து கிலோ இருந்தா அதிகம்.

ஆறு மாசம் கழிச்சு முதுகு வரலன்னா மாஸ்டர்கிட்ட ரெண்டு பதில் ரெடி. ஒண்ணு, "உன் ஜீன்ஸ் அப்படி." ரெண்டு, டப்பா. டப்பாவுலயும் வரலன்னா ஊசி. அதைப் பத்தித் தனியா ஒரு பதிவு போட்டுத் திட்டணும், இங்க வேண்டாம்.

இந்த ரெண்டு கோஷ்டியும் எங்க வந்து கைகுலுக்குதுன்னு சொல்றேன். எங்க மலையிலேர்ந்து ஒரு தம்பி, கல்லூரிப் படிப்புக்குக் கீழ இறங்கினவன். சின்னச் சின்னப் போட்டியில நிக்கணும்னு ஆசை. டவுன்ல ஒரு ஜிம்ல சேர்ந்தான். அங்க மாஸ்டர் என்ன சொன்னாராம்? "நீ மலைக்காரன்டா, உனக்கு முதுகு பொறப்புலயே இருக்கும். செஸ்ட்டும் ஆர்ம்ஸும் பாரு போதும்." ஒரு வருஷம் முதுகுக்கு ஒழுங்கா ஒரு செட் கூட சொல்லித் தரல. மாசாமாசம் பணம் மட்டும் சரியா வாங்கினாங்க.

"அண்ணா, என் முதுகைப் பாத்துச் சொல்லுங்க"ன்னு என்கிட்ட வந்தான். படம் எடுத்துப் பாத்தேன். மேல் ட்ராப்ஸ் நல்லா இருக்கு. இடுப்புக்கு மேல ரெண்டு பக்கமும் கயிறு நல்லா இருக்கு. நடு முதுகு? சிலேட்டுப் பலகை. விங்ஸ் பாதியில நின்னுடுச்சு. வலது தோள் இடதைவிட ஒரு விரல் மேல. சின்ன வயசுலேர்ந்து வலது தோள்லயே மூட்டை தூக்கின உடம்பு. அதாவது உழைப்பு எதைக் கொடுக்குமோ அதைக் கொடுத்திருக்கு, எதைக் கொடுக்காதோ அதை ஜிம் கொடுக்கணும், ஜிம் கொடுக்கல. 'பொறப்புலயே இருக்கும்'ங்கறது பாராட்டு மாதிரி தெரியும். சொல்லிக் கொடுக்காம விடறதுக்கு அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

சரி, என்னதான் பண்ணச் சொல்றே?

திட்டிட்டு ஓடிப் போறவன் இல்ல நான். சொல்றேன், கேட்டுக்குங்க.

முதல்ல பாக்கணும். அர்னால்டு ஸ்வார்ஸ்நெகருக்கு ஆரம்பத்துல கெண்டைக்கால் சின்னது. மனுஷன் என்ன பண்ணினார்னா, பயிற்சிக்குப் போடற பேண்டை முழங்காலோட வெட்டிட்டார். எல்லார் கண்ணுலயும் அது படணும், தன் கண்ணுலயும் படணும்னு. நாம தலைகீழ். குறை இருக்கற இடத்துக்குத்தான் முதல்ல சட்டை.

கைபேசியைச் சுவர்ல சாய்ச்சோ ஒரு தோஸ்துகிட்ட கொடுத்தோ, நெஞ்சு உயரத்துல, பத்தடி தள்ளி வச்சு நாலு படம். சும்மா நிக்கற படம், விங்ஸ் விரிச்ச படம், ரெண்டு கையையும் மடக்கி பைசெப்ஸ் காட்டற படம், இடுப்புல குனிஞ்ச படம். எல்லாம் பின்னாடி இருந்து. அதே இடம், அதே வெளிச்சம், மாசம் ஒரு தடவை. காலையில ஜன்னல் பக்கவாட்டுல இருக்கற மாதிரி நின்னா பள்ளம் மேடு நல்லாத் தெரியும்.

இப்ப பகுதி பகுதியா:

1. அக்குளுக்குக் கீழ அகலம் இல்லையா? விங்ஸும் அதுக்கு மேல இருக்கற சின்னத் தசை டெரெஸ் மேஜரும் பின்தங்கியிருக்கு. புல் அப்ஸ், புல்டவுன். முக்கியமா மேல கையை முழுசா நீட்ட விடணும். பாதியில நிறுத்தினா பாதி முதுகுதான்.

2. விங்ஸ் மேலயே நின்னு இடுப்புப் பக்கம் காலியா? இதுல ஒரு பகுதி நிஜமாவே பொறப்பு. சிலருக்குத் தசை மேலயே முடிஞ்சு நாரா மாறிடும், அதை யாரும் மாத்த முடியாது. ஆனா இருக்கற தசையைத் தடிமனாக்கலாம். முழங்கையை விலாவை ஒட்டி, இடுப்பைப் பாத்து இழுக்கணும். ஒரு கை ரோயிங் இதுக்கு நல்லது. இழுக்கறது கை இல்ல, முழங்கைன்னு நினைச்சுக்குங்க.

3. ரெண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவுல தட்டையா? ராம்பாய்டும் நடு ட்ராப்ஸும். முழங்கையைக் கொஞ்சம் அகட்டி, நெஞ்சுப் பக்கமா ரோயிங். சோதனை ரொம்பச் சுலபம்: இழுத்து முடிச்ச இடத்துல ரெண்டு நொடி நிறுத்திக் காட்டு. நிறுத்த முடியலையா? எடை அதிகம். குறை. வெட்கப்படாதே.

4. நடு முதுகுலேர்ந்து கீழ கூம்பிப் போற அந்த முக்கோணம் தெரியலையா? கீழ் ட்ராப்ஸ். ட்ராப்ஸ்ங்கறது கழுத்துல இருக்கற மேடு மட்டும் இல்ல, மண்டை ஓட்டு அடியில ஆரம்பிச்சு விலா எலும்புகள் முடியற முதுகெலும்பு வரைக்கும் இறங்கற தசை. குப்புறச் சாய்ஞ்சு படுத்து, ரெண்டு கையையும் தலைக்கு மேல சாய்வா விரிச்சுத் தூக்கணும். ரெண்டு கிலோ போதும். இதைப் பண்றவனைப் பாத்து ஜிம்ல சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

5. பின் தோள் இல்லாம பக்கவாட்டுல குழி விழுதா? குனிஞ்சு நின்னு கையைப் பக்கவாட்டுல விரிக்கற பயிற்சி. இதுவும் லேசான எடை, நிறைய ரெப்ஸ்.

6. இடுப்புக்கு மேல தண்டுவடத்தோட ரெண்டு பக்கமும் கயிறு தெரியலையா? ருமேனியன் டெட்லிஃப்ட், பேக் எக்ஸ்டென்ஷன். முதுகு வளையாம இடுப்புல மடங்கணும். இது எங்க மலைப் பசங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது, டவுன்ல நாற்காலியிலயே உக்காந்திருக்கறவங்களுக்குக் கட்டாயம்.

7. ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சிறுசா? ஒரு கைப் பயிற்சிகள். பலவீனமான பக்கத்தை முதல்ல செய்யணும். அந்தப் பக்கம் பத்து வந்தா, பலமான பக்கத்துக்கும் பத்தோட நிறுத்திடணும், பதினஞ்சு வந்தாலும்.

இப்ப விதிகள். எது குறையோ அது முதல்ல. உடம்பு புதுசா இருக்கறப்ப அதைச் செய்யணும், கடைசியில ஒப்புக்குச் செய்யக்கூடாது. வாரத்துக்கு ரெண்டு தடவை. 2017-ல பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பாத்தவங்க சொன்னது, ஒரு தசைக்கு வாரம் 10 செட்டும் அதுக்கு மேலயும் செஞ்சவங்களுக்கு, அஞ்சுக்குக் குறைவா செஞ்சவங்களைவிட வளர்ச்சி அதிகம். குறையுள்ள பகுதிக்கு அந்தப் பத்தைக் கொடுங்க. ஏற்கனவே நல்லா இருக்கற பகுதியிலேர்ந்து நாலு செட்டைக் கழிச்சுக்குங்க. எல்லாத்தையும் கூட்டினா எதுவும் தேறாது. 12 வாரம் மாத்தாம செய்யணும். வாரம் ஒரு பயிற்சி மாத்தறவன் கிணறு தோண்டறேன்னு பத்து இடத்துல குழி வெட்டறவன்.

கைப்பிடி முதல்ல தளர்ந்து போனா ஸ்ட்ராப் கட்டிக்கலாம், அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. முதுகுக்குப் பயிற்சி கொடுக்க வந்தோம், மணிக்கட்டுக்கு இல்ல.

எடை மேல மோகம் உள்ளவங்களுக்கு ரெண்டு பேரை ஞாபகப்படுத்தறேன். டோரியன் யேட்ஸ், 1992-லேர்ந்து 1997 வரைக்கும் ஆறு தடவை மிஸ்டர் ஒலிம்பியா, முதுகுன்னா அவர்தான். உள்ளங்கையைத் திருப்பிப் பிடிச்சு ரொம்ப எடையில ரோயிங் போடறதுக்குப் பேர் போனவர். 1994-ல இடது பைசெப்ஸ் கிழிஞ்சு போச்சு. ரோனி கோல்மன், 1998-லேர்ந்து 2005 வரைக்கும் எட்டு தடவை ஒலிம்பியா. அப்புறம் முதுகெலும்புல அறுவை மேல அறுவை, நடக்கறதே பெரும்பாடாயிடுச்சு. அவங்களைக் குறை சொல்லல, அவங்க உச்சம் வேற. தாலுகா அளவுப் போட்டிக்கு நிக்கறவன் அந்த விலை கொடுக்கணுமான்னுதான் கேக்கறேன். குனிஞ்சா வலி காலுக்கு இறங்குது, கால் மரத்துப் போகுதுன்னா பயிற்சியை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க. அதுக்கு எந்த மாஸ்டரும் மருந்து இல்ல.

"எங்க ஊர்ல ஜிம்மே இல்லண்ணே"

இது எங்க மலையிலேர்ந்து வர்ற கேள்வி, நியாயமான கேள்வி. அதனால மரியாதையா பதில் சொல்றேன்.

மனோகர் ஐச்னு ஒரு வங்காளி. உயரம் நாலடி பதினோரு அங்குலம். வெள்ளைக்காரன் ஜெயில்ல இருந்தப்பதான் தீவிரமா உடம்பைத் தயார் பண்ணினார். 1952-ல லண்டன்ல மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம். 2016-ல 104 வயசுல செத்தார். ஜெயில்ல என்ன கேபிள் மெஷினா இருந்திருக்கும்?

ஒரு மூங்கில் கழி, இல்லாட்டி வலுவான கிளை: புல் அப்ஸ். ஒண்ணுகூட வரலன்னா குதிச்சு மேல போய், மெதுவா அஞ்சு நொடி எடுத்து இறங்குங்க. அதே கழியை இடுப்பு உயரத்துல கட்டி, கீழ மல்லாக்கப் படுத்துத் தொங்கி நெஞ்சைக் கழிக்கு இழுங்க: நடு முதுகு. இருபது லிட்டர் தண்ணி கேன்: ஒரு கை ரோயிங். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. இந்த வாரம் பத்து லிட்டர், அடுத்த வாரம் பதினொண்ணு. எந்த ஜிம்லயும் இவ்வளவு துல்லியமா எடை கூட்ட முடியாது :-) எடை போதலன்னா கவலை வேண்டாம். லேசான எடையா இருந்தாலும், இனி முடியாதுங்கற இடம் வரைக்கும் போனா தசை வளர்ச்சி கிட்டத்தட்ட சமம்னு 2017 வாக்குல வந்த தொகுப்பாய்வு காட்டுது. மூட்டை சுமக்கறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தை இப்பப் பிடிச்சுக்குங்க. அங்க சுமை உங்களை நடத்துது. இங்க எந்தத் தசை, எத்தனை தடவை, எப்ப நிறுத்தறதுன்னு நீங்க முடிவு பண்றீங்க.

சாப்பாடு. 2018-ல வந்த ஒரு தொகுப்பாய்வுப்படி உடம்பு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும், அதுக்கு மேல பெருசா லாபம் இல்ல. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். ஒரு முட்டையில 6 கிராம். நூறு கிராம் வேர்க்கடலையில 25, கொள்ளுல 22 கிட்ட. பால், கருவாடு, பருப்பு எல்லாம் சேர்ந்தா கணக்கு வந்துடும். சாமைச் சோறு நல்லதுதான், ஆனா அது மட்டும் போதாது. 'எங்க பாட்டன் சாமை தின்னு மலையைத் தூக்கினான்' கதை எல்லாம் பொங்கல் மலருக்கு எழுதுங்க. பாட்டன் மலையைத் தூக்கல, அடுத்தவன் மூட்டையைத் தூக்கினான்.

அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. டப்பா கிடையாது, ஜிம்மும் மாத்தல. நடு முதுகும் கீழ் ட்ராப்ஸும் முதல்ல, இடது கை முதல்ல, எடை பாதி. 12 வாரம். படத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா பலகையில கோடு விழுந்திருக்கு. பெரிய அதிசயம் எல்லாம் இல்ல, கோடு மட்டும்தான். ஆனா முதல் தடவையா அவன் தன் முதுகைப் பத்திப் பேசறப்ப "நல்லா இருக்கு", "நல்லா இல்ல"ன்னு பேசல. "வலது பக்கம் கீழ் ட்ராப்ஸ் இன்னும் வரணும்ணா"ன்னான். எனக்கு அது போதும். அப்படிப் பேசத் தெரிஞ்சவனை எந்த மாஸ்டரும் 'பொறப்பு'ன்னு சொல்லி ஏமாத்த முடியாது, மூட்டை தூக்கறதுதான் உனக்கு லாயக்குன்னு எந்த ஏஜெண்டும் சொல்ல முடியாது.

கடைசியா சக பதிவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிம்மைத் திட்டுங்க, திட்டறதுக்கு நிறைய இருக்கு. உழைப்பைப் பாராட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா உழைக்கறவன் முதுகை ஜிம்முக்கு எதிரா ஆதாரமாத் தூக்கிப் பிடிக்காதீங்க. அவன் அதை உங்க வாதத்துக்காக வளர்க்கல. அவன் மகன் ஆசைப்பட்டு ஒழுங்கான பயிற்சி கத்துக்க வந்தா, அதுக்கு ஒரு கழியும் ரெண்டு கேனும் நல்லா சொல்லித் தர ஒரு ஆளும் ஊர் ஊருக்கு இருக்கணும்னு எழுதுங்க. ஆரம்பப் பள்ளி மைதானத்துல ரெண்டு கம்பம் நட்டுக் குறுக்க ஒரு இரும்புக் குழாய் வைக்கப் பெரிய நிதி ஒண்ணும் வேண்டாம். அதை எழுத மாட்டேங்கறோம், படத்தை மட்டும் அனுப்பறோம்.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, சான்றிதழ் வாங்கின மாஸ்டரும் இல்ல. மேல சொன்னதை நம்ப வேண்டாம். இன்னிக்கே சட்டையைக் கழட்டிட்டு நாலு படம் எடுங்க. எந்தப் பகுதி பின்தங்கியிருக்குன்னு பாத்துட்டு வந்து சண்டை போடுங்க. பகுதி பேர் சொல்லாம "முதுகு"ன்னு மொட்டையா வர்ற சண்டைக்குப் பதில் கிடையாது, சொல்லிட்டேன்.